எட்டு டம்ளர் தண்ணீர்

ஜனவரி 6, திங்கள்

ஒரு நோட்டு போட்டுத் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் துறைத் தலைவர் அருள்தாஸ் சார். "களக்குறிப்பு மேடம். ரிப்போர்ட்டுக்குப் பின்னால சேத்துக்கிடலாம்" என்றார். புதிதாக வாங்கவில்லை. மகள் நித்திலாவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அது போதும்.

வேலை இதுதான். பல்கலைக்கழக மாணவிகளிடம் நல்ல பழக்கத்தை வளர்க்கும் சுகாதாரச் செய்திகளை நாங்கள் தயாரிக்க வேண்டும். சுவரொட்டி, வாட்ஸ்அப், வகுப்பறையில் இரண்டு நிமிடப் பேச்சு. இரண்டு மாதம். பழக்கம் மாறியதா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். மருத்துவ மையத்தின் பதிவேட்டைப் புரட்டினோம். தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு, காய்ச்சல். முக்கால்வாசி பெண் பிள்ளைகள். சரி, தண்ணீர் குடிப்பதையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. திட்டத்துக்குத் தலைவர் சார். வேலை செய்வது நான்.

ஒன்பது வருடமாக நான் சமூகப்பணித் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் பட்டியல் ஒட்டுவார்கள், பெயர் இருந்தால் வரலாம். "இத நல்லா முடிச்சுக் குடுங்க. ஏப்ரல்ல உங்க பேரு எங்க இருக்கும்னு நீங்க தேடவே வேண்டாம்" என்றார் சார். தேடாமல் ஒரு ஏப்ரல் வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து நித்திலாவின் தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. திட்டிவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லப் போகிறவள் வீட்டிலேயே இந்த லட்சணம்.

ஜனவரி 8, புதன்

எப்படி அளப்பது என்பதுதான் தலைவலி. எத்தனை டம்ளர் குடித்தாய் என்று கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகப் பதில் சொல்வார்கள். அதனால் தண்ணீர் கேனை எண்ணலாம் என்றேன். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பெண்கள் ஓய்வறைக்கு வெளியே இருபது லிட்டர் கேன் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு பெண்கள் நடமாடும் மாடி. கேன் மாற்றுகிற துப்புரவுப் பணியாளர் மாடத்தியிடம் விசாரித்தேன்.

"ஒரு கேன் ரெண்டு நாளைக்கு ஓடும் மேடம். சில வாரம் மூணு நாளு."

இருநூறு பேருக்கு இருபது லிட்டர், அதுவும் மூன்று நாள். எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

சாருக்கு எதுகை மோனை வேண்டும். நான் பத்து வாசகம் எழுதிக் கொடுத்தேன், பத்தையும் அடித்துவிட்டு அவரே ஒன்று எழுதினார்: "எட்டு டம்ளர் எடுத்துக் குடி, எட்டிப் போகும் எல்லா நோயும்." ஓவியம் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சிரிக்கும் சிறுநீரகம் வரையச் சொன்னார். வந்த படம் முந்திரிப்பருப்புக்குக் கண் மூக்கு வைத்தது போல இருந்தது. சாருக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வாதாடத் தெம்பில்லை.

ஜனவரி 13, திங்கள்

பொங்கல் விடுமுறை. வெள்ளையடித்த கையோடு முதுகு பிடித்துக்கொண்டது.

ஜனவரி 20, திங்கள்

அறுபது சுவரொட்டிகள் ஒட்டியாயிற்று. தினமும் காலை பத்து மணிக்கு எல்லா வகுப்புக் குழுவுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி. முதல் செய்திக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தப் பிள்ளை தேர்வுக் கட்டணத்துக்கும் கட்டைவிரல் போடும். கேன் இரண்டு நாள் ஓடியது.

படியிறங்கும்போது பின்னால் ஒரு குரல்: "ஏட்டி, அந்த முந்திரி நம்மளப் பாத்துதான் சிரிக்கு."

ஜனவரி 24, வெள்ளி

அன்பாகச் சொன்னால் கேட்கமாட்டார்கள், பயமுறுத்துங்கள் என்றார் சார். சிறுநீரகக் கல்லின் படம் போட்டு அனுப்பினேன். கேன் இரண்டரை நாள் ஓடியது. பயந்துபோய்க் குறைத்துக் குடித்தார்களோ என்னவோ.

இன்று சாவிக்கொத்தை மேசையில் மறந்து வைத்துவிட்டு இரண்டாம் மாடிவரை ஏறிப்போய், மறுபடி இறங்கி, மறுபடி ஏறினேன். முழங்கால் வலி. நித்திலாவின் பாட்டில் நிறைய. செடி மட்டும் தளதளவென்று இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

செய்தி ஏன் வேலை செய்யவில்லை என்று பிள்ளைகளிடமே கேட்போம் என்று எட்டு மாணவிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பிஸ்கட்டும் டீயும். டீயை ஒருத்தியும் தொடவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கணும்?"

"எட்டு டம்ளர் மேடம்." எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"குடிக்கிறீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புள்ளியியல் முதுகலை முதலாண்டு படிக்கும் இசக்கிராணி என்றொரு பிள்ளை. ஒல்லி, எண்ணெய் வழியச் சீவிய தலை. அவள்தான் வாயைத் திறந்தாள். "காலேல மாத்திர போட அரை டம்ளர் மேடம். பெறவு சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போயிதான்."

"ஏம்மா அப்படி?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இன்னொருத்தி அவசரமாக, "கிளாஸ் டைம் மேடம். நேரமே கெடைக்காது" என்றாள். நேரமின்மை என்று எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது இசக்கிராணி மேசைமேல் கிடந்த என் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆசிரியர் அறையில் நாங்கள் குடித்த டீ கிளாஸ்களைப் பொறுக்கியபடி மாடத்தி பேச்சை ஆரம்பித்தார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய மேடம். குடி குடின்னு செவுரு பூரா ஒட்டி வச்சிருக்கிய. குடிச்சா பிள்ளைய எங்க போவும்?"

அவரே சொல்லி முடித்தார். கீழ்த்தளத்துக் கழிப்பறை இடித்துப்போட்டபடியே கிடக்கிறது. நூலகத்துக்குப் போனால் போக வர இருபது நிமிடம். இரண்டாம் மாடியில் இருப்பதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாணவிகளுக்கு வேண்டுமென்றால் அலுவலகத்தில் கந்தையாவிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். பெயர், வகுப்பு, வாங்கிய நேரம், திருப்பிக் கொடுத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கிற பையன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மாசத்துல மூணு நாளு அந்தப் பிள்ளைய படுத பாடு எனக்குல்லா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது எனக்குத் தெரியாத விஷயம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

அலுவலகத்தில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கையெழுத்து அக்டோபர் 9. அதற்குப் பிறகு வெறும் கோடுகள்.

"யாரும் கேக்கதே இல்ல மேடம்" என்றார் கந்தையா. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. "தேவப்படலன்னுதான அர்த்தம்? பூட்டுன ஆர்டரையும் பாக்கியளா? பைல் இங்கனதான் இருக்கு."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. பத்து மணிக்குச் செய்தி அனுப்ப மறந்துபோனேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

உள்தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது இசக்கிராணி மயங்கி விழுந்துவிட்டாள். தொட்டால் கை சுட்டது. மருத்துவ மையத்தில் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். நீர்ப்பாதையில் இருந்த தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டதாம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். "படிச்ச பிள்ளதான? தண்ணி குடிக்காம இருந்தா என்னவாகும்னு தெரியாதா? ஏன் குடிக்கல?" என்று அதட்டினார்.

இசக்கிராணி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று மணிக்கு அவள் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர், விரலில் இலை வாடை அப்படியே இருந்தது. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வந்தா சொம்பு சொம்பாக் குடிப்பாளே டீச்சர். அங்க தண்ணி நல்லா இல்லியோ?"

தண்ணீர் நல்லாத்தான் இருக்கும்மா என்றேன். அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்தால் நித்திலாவின் பாட்டில் நிறைய இருந்தது. இன்று திட்டவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் குட்டி குடிக்க மாட்டேங்கே?" என்று கேட்டேன்.

"பாத்ரூம் கதவுல கொண்டி இல்லம்மா. ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கிடணும். இண்டர்வெல் பத்து நிமிசம்தான். யார யாரு பிடிக்க?"

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? டெய்லி திட்டத்தான செஞ்ச."

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஜூலை மாதம். குழாயில் தண்ணீர் வராத நாள், எனக்கு உடம்புக்கு முடியாத நாளும் கூட. இரண்டாம் மாடிக்கு அரக்கப்பரக்க ஏறிப் போனால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. இருந்த இரண்டு துப்புரவுப் பணியாளர்களில் ஒருவர் அந்த மாதம்தான் நின்றுபோயிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் பிள்ளைகள் மேல்தான் வந்தது. அன்று மதியமே கடிதம் எழுதினேன். "மாணவிகள் தூய்மை பேணாததால் பெண் ஆசிரியர்கள் பெரும் இன்னலுக்கு ஆளாகிறோம். மேற்படி கழிப்பறையைப் பூட்டி, ஆசிரியர்களுக்கு மட்டும் தனிச்சாவி வழங்க வேண்டுகிறோம்." மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து ச. செண்பகவல்லி.

புது ஆள் வரும்வரை என்றுதான் அப்போது பேசிக்கொண்டோம். கடிதத்தில் அதை எழுதவில்லை. புது ஆள் வரவும் இல்லை. என் கையில் சாவி இருந்தது, அதனால் பூட்டு எனக்கு நினைவிலேயே இல்லை. தினமும் அதைத் திறந்து போய்விட்டு, திரும்பப் பூட்டிவிட்டு, கீழே வந்து எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைத் தவிர.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கணக்கைக் காட்டினார். எட்டு டம்ளர் என்று சரியாகச் சொன்னவர்கள் முன்பு நூற்றுக்கு நாற்பத்தொன்று, இப்போது தொண்ணூற்று மூன்று. "இது பெரிய வெற்றி மேடம். விழிப்புணர்வுதான நம்ம வேல. கக்கூஸ் பொறியாளர் பிரிவு வேல. அத ரிப்போர்ட்ல எழுதுனா, பூட்டச் சொல்லி ஆர்டர் போட்டது யாருன்னு கேப்பாவ. நான்தான் போட்டேன்."

"தெரியும் சார்."

"யாரு எழுதிக் கேட்டான்னும் கேப்பாவ. அந்த லெட்டரு எங்கிட்ட இருக்கு. உங்கள நெனச்சுத்தான் சொல்லுதேன். ஏப்ரல் வருது, பாத்துக்கிடுங்க."

மிரட்டினாரா, அக்கறையில் சொன்னாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டும்தான் போலிருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பூட்டைத் திறந்துவிட்டுப் போவது சுலபம். அப்புறம் கழுவப்போவது நான் இல்லை. அதனால் முதலில் மாடத்தியிடம் கேட்டேன். மூன்று மாடிக்கும் அவர் ஒருவர்தான்.

"ரெண்டு வேள கழுவுதேன் மேடம். மேல தண்ணி கூடுதலா ஏறதுக்கு வால்வத் தொறக்கணும், அத ஆப்பரேட்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கு ஒண்ணு செய்யணும். உங்க ரூம்புல டீ கிளாஸ் கழுவுத வேலய வுட்டுருங்க. அதுக்கே ஒரு மணி நேரம் போயிருது. அது எனக்கு எழுதுன வேலயே இல்ல" என்றார்.

ஒன்பது வருடமாக அவர் கழுவிய கிளாஸில்தான் டீ குடித்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லை. மதியம் ஆசிரியர் அறையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அன்று என்னோடு கையெழுத்துப் போட்ட இருவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் மட்டும் தன் கிளாஸைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கடைத்தெருவில் இறங்கி இரண்டு தாழ்ப்பாள் வாங்கினேன். ஒன்று இரண்டாம் மாடிக்கு, ஒன்று நித்திலாவின் பள்ளிக்கு.

பிப்ரவரி 24, திங்கள்

காலையிலேயே கடிதம் கொடுத்துவிட்டேன். "இன்ன தேதியில் நான் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." கந்தையா முத்திரை குத்திவிட்டு, ஆர்டர் வர பத்து நாளாவது ஆகும் என்றார். சரி என்றேன். நேரே இரண்டாம் மாடிக்குப் போய்ப் பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த வயதில் திருடுவது போல இருந்தது.

மாடத்தி உள்ளே கழுவிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளை முடுக்க ஸ்குரூ டிரைவர் கொண்டுபோக மறந்துவிட்டேன். இயற்பியல் துறையிலிருந்து யாரோ ஒரு மாணவி ஓடிப்போய் வாங்கி வந்து, அவளே மாட்டியும் கொடுத்தாள்.

பத்து மணிச் செய்தி. படம் இல்லை, எதுகை இல்லை, சாரிடம் காட்டவும் இல்லை:

"இரண்டாம் மாடிப் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறது. பூட்டு இல்லை. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. தண்ணீர் வருகிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம். இத்தனை நாள் பூட்டியிருந்ததற்கு நானும் ஒரு காரணம். மன்னியுங்கள். செண்பகவல்லி."

பிப்ரவரி 26, புதன்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். தொண்ணூற்று மூன்றையும் எழுதியிருக்கிறேன், கேன் கணக்கையும் எழுதியிருக்கிறேன். பின்னிணைப்பு ஒன்று, என் பழைய கடிதத்தின் நகல். சார் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். உட்காரச் சொல்லவில்லை.

நித்திலாவின் பள்ளிக்கு என் கணவர் போனார். வாங்கி வைத்த தாழ்ப்பாள் ஒன்று, கையில் ஸ்குரூ டிரைவர். தலைமையாசிரியை தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு கதவு இருக்கு சார்" என்றாராம். நாளைக்கு மீதி நான்கையும் வாங்கிக்கொண்டு போகிறார்.

மார்ச் 5, புதன்

பதினொன்றேகால் மணிக்கு ஆசிரியர் அறை வாசலில் இசக்கிராணி வந்து நின்றாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது, தோளில் எலும்பு தெரிகிறது. கையில் காலி பாட்டில்.

"மேடம், கேன் காலி. இன்னிக்கு இது ரெண்டாவது. காலேலயே மாத்தி வைக்கச் சொல்லக்கூடாதா?"

குரலில் நல்ல எரிச்சல் இருந்தது. இரண்டு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். கண் நிறைந்துவிட்டது. அவள் பார்த்துவிடக் கூடாதென்று என் சொந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாசலில் நின்றபடியே அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

"அன்னிக்கு ஏன்மா டாக்டர்ட்ட மறந்துட்டேன்னு சொன்ன?"

வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுவியன்னு பாத்தேன் மேடம். நீங்க சொல்லல. பெறவு நான் என்னத்தச் சொல்ல?"

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

மார்ச் 19, புதன்

கழிப்பறை நாறுகிறது என்று இரண்டு புகார் வந்தன. மாணவிகளே முறை வைத்துக்கொண்டு மதியம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். இன்னோர் ஆள் போடச் சொல்லி நூற்று எண்பது கையெழுத்தோடு பதிவாளருக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து இசக்கிராணி. ஆசிரியர் அறை டீ கிளாஸ்களும் நாறுகின்றன. மூத்த பேராசிரியர் காகிதக் கப்புக்கு மாறிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. இரண்டு தடவை மேலிருந்து கீழாகப் படித்தேன், ஒன்பது வருடப் பழக்கம்.

சாவிகளை ஒப்படைக்கக் கந்தையாவிடம் போனேன். பீரோ சாவி, வகுப்பறைச் சாவி, மேசைச் சாவி. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டாம் மாடிச் சாவி ஒண்ணு உங்க பேருல இருக்கு மேடம்."

கைப்பைக்குள் தேடிச் சாவியோடு பூட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டு, அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "ஆர்டர் போன வாரமே வந்துட்டு மேடம். இனும இது எதுக்கு?" என்றார். நான் இறங்கும்போது வாசல்வரை கூட வந்தார்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. இனி என்ன செய்வது என்று யோசிக்க முயன்றேன், களைப்பில் தூங்கிப்போனேன். என் நிறுத்தம் தாண்டிவிட்டது. திரும்பி நடந்து வந்தேன்.

வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நித்திலா இன்னும் சீருடை மாற்றாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவுவதற்கு அவள் பாட்டிலை எடுத்தேன். கையில் எடுத்ததுமே தெரிந்தது, மூடியைத் திறந்து கவிழ்த்தும் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

கறிவேப்பிலைச் செடி வாடிப்போயிருந்தது. குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து ஊற்றினேன்.